கணக்கில் எழுதாத கடன்: நம்ம திருப்பூர் சொல்லித்தரும் முதலீட்டுப் பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இப்போது சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறீர்கள். ஒருவர் ஆன்லைனில் குழந்தைகள் உடை விற்கிறார். ஒருவர் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறார். இன்னொருவர் கட்டிங் வேஸ்ட்டிலிருந்து மறுபடியும் நூல் எடுக்கும் முயற்சியில் இருக்கிறார். பேசும்போது ஃபண்டிங், இன்வெஸ்டர், வேல்யூவேஷன் என்று நிறையச் சொல்கிறீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்த வார்த்தைகள் எல்லாம் அமெரிக்காவில் பிறந்தவை என்று நீங்கள் நினைப்பதுபோல் தெரிகிறது. பெயர்கள்தான் புதிது கண்ணுகளா. பணத்தை எங்கே வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது வேண்டாம் என்று சொல்வது, இதையெல்லாம் உங்கள் தாத்தாக்களும் அப்பாக்களும் நூறு வருடமாக இதே ஊரில் செய்து பார்த்திருக்கிறார்கள். நான் வியாபாரம் செய்தவள் இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வரலாறும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள். அதனால் வரலாற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

*சின்னச் சின்னப் பணம்*

திருப்பூர் முதலில் பஞ்சு ஊர். சுற்றிலும் கரிசல், செம்மண் காடுகள், கிணற்றுப் பாசனம், ரயில் வசதி. அதனால் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஆலைகள் வந்தன. 1925-இல் குலாம் காதர் என்பவர் முதல் பின்னலாடை ஆலையைத் தொடங்கினார் என்று ஊர் வரலாறு சொல்கிறது. அப்போது பனியன் என்றால் கல்கத்தாதான். நாம் பின்னால் வந்தவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் இங்கே கம்பெனிகள் பெருகின. 1956-இல் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமா உருவானது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, இந்தக் கம்பெனிகளைத் தொடங்கியவர்கள் யார் என்பது. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரில் தங்கி ஆராய்ந்து 2004-இல் ‘ஃபிரேட்டர்னல் கேப்பிடல்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். முதலாளிகளில் பலர் ஒருகாலத்தில் இதே தொழிலில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர் காட்டினார். உங்களில் பலர் வீட்டுக் கதையும் அதுதானே? காட்டில் மழை இல்லை என்று ஊருக்குள் வந்து, டெய்லராகவோ கட்டிங் மாஸ்டராகவோ சில வருடம் உழைத்து, தொழிலின் நெளிவு சுளிவைக் கற்றுக்கொண்டு, பிறகு இரண்டு மூன்று மிஷினோடு கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் காண்டிராக்டர் ஆகி, அப்புறம் கம்பெனி.

பணம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் நிலம் விற்ற பணம். மச்சானோ பங்காளியோ போட்ட பங்கு. ஏலச்சீட்டு எடுத்த தொகை. நூல் வியாபாரி கொடுத்த தவணை. யாரும் ஒரே நாளில் பெருந்தொகை கொடுக்கவில்லை. கையில் இருக்கும் வேலைக்கு ஏற்ற அளவில் பணம் வந்தது. வேலை முடிந்ததும் திரும்பிப் போனது.

அவ்வளவு சிறிய பணத்தில் எப்படித் தொழில் நடந்தது என்பதற்கு விடை, ஜாப் ஒர்க். ஒரு பனியன் எத்தனை இடம் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். நூல் வாங்கி நிட்டிங்குக்குப் போகிறது. அங்கிருந்து சாயப்பட்டறை. பிறகு துணியின் அகலத்தையும் சுருக்கத்தையும் சரிசெய்யும் காம்பேக்டிங். பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பிரிண்டிங், எம்பிராய்டரி இருந்தால் அதற்குத் தனி இடம். ஒவ்வொன்றுக்கும் ஊரில் தனித்தனிப் பட்டறை, கிலோவுக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் எல்லா மிஷினையும் ஒருவரே வாங்க வேண்டியதில்லை. ஒரு கட்டிங் டேபிளும் ஒரு ஆர்டரும் நாணயமும் இருந்தால் தொழில் ஆரம்பிக்கலாம். இன்று நீங்கள் சர்வரை மாத வாடகைக்கு எடுக்கிறீர்களே, அதே கணக்குதான். சொந்தமாக வாங்காமல் நடத்த முடிந்தவரை நடத்திவிட்டு, நிலையான வேலை வந்த பிறகு வாங்குவது.

*தெரிந்தவருக்குக் கிடைக்கும் பணம்*

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. நூல் வியாபாரி யாருக்குத் தவணை கொடுப்பார்? அப்பாவைத் தெரிந்தவருக்கு. பத்திரம் இல்லாமல் கடன் ஓடியதற்குக் காரணம், ஏமாற்றினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்பதுதான். அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவருக்கு அந்தப் பணம் எளிதில் கிடைக்கவில்லை.

அபிஜித் பானர்ஜி என்ற பொருளாதார அறிஞரை உங்களுக்குத் தெரியும், 2019-இல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் கைவன் முன்ஷியும் திருப்பூர் ஏற்றுமதியாளர்களை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தவர் அதிக முதலீட்டோடு தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலீட்டோடு தொடங்கினார்கள். ஆனால் வெளியிலிருந்து வந்தவர்களின் ஏற்றுமதிதான் வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் முந்திவிட்டது. பணம் அதிகம் இருந்தவரிடம் திறமை அதிகம் இருந்தது என்று சொல்ல முடியவில்லை. தெரிந்தவர் என்பதால் பணம் போயிருக்கிறது.

இதைச் சாதி பெருமைக்கோ சண்டைக்கோ யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய இன்வெஸ்டர்களும் தெரிந்த காலேஜ், தெரிந்த கம்பெனி, தெரிந்த ஆங்கிலம் என்று பார்த்துத்தான் முதலில் கதவைத் திறக்கிறார்கள். கதவு திறக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். குறைந்த பணத்தில் ஓடிப் பழகியவர்கள் முந்தியதை நம் ஊரிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். கதவு எளிதாகத் திறந்தவர்களும், பணம் கொடுத்தவர் நம் தொழிலைப் பார்த்துக் கொடுத்தாரா, முகத்தைப் பார்த்துக் கொடுத்தாரா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

*ஆர்டருக்குப் பின்னால் வந்த கடன்*

1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்தார். 1981-இல் ஐரோப்பாவின் பெரிய கடைத்தொடரான சி அண்ட் ஏ வந்தது. உள்ளாடை ஊர் மேலாடை ஊராக மாறியது. 1985-இல் ஏற்றுமதி 20 கோடி ரூபாய்க்கும் குறைவு. 1990-இல் அது 300 கோடியை நெருங்கியது. அந்த ஆண்டுதான் ஆ. சக்திவேல் அவர்களைத் தலைவராகக் கொண்டு திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய் அளவில் நிற்கிறது.

அந்த வளர்ச்சிக்குப் பணம் கொடுத்தவை பெரும்பாலும் வங்கிகள். அவை கொடுத்த முறையைக் கவனியுங்கள். வெளிநாட்டு வாங்குபவர் ஆர்டரோ எல்.சி.யோ கொடுப்பார். அதைக் காட்டினால் வங்கி பேக்கிங் கிரெடிட் என்று குறுகிய காலக் கடன் தரும். அதில் நூல் வாங்கி, கூலி கொடுத்து, சரக்கைக் கப்பலில் ஏற்றியதும் பில் பணத்தில் கடன் கழியும். கடனுக்கு முன்னால் வாங்குபவர் ஒருவர் நிற்கிறார். கடன் எப்போது முடியும் என்பது வாங்கும்போதே தெரியும். நம் ஊர் வேகமாக வளர்ந்தும் தாக்குப்பிடித்ததற்கு இதை முக்கியமான காரணமாக நான் பார்க்கிறேன்.

இதிலும் மூச்சு முட்டும் இடம் உண்டு. விலை பேசுவது இன்று, பணம் வருவது மாதங்கள் கழித்து. நடுவில் நூல் விலை ஏறினால் லாபம் போய்விடும். 2022 மே மாதம் நூல் விலை உயர்வைக் கண்டித்து ஊரே இரண்டு நாள் அடைத்தது நினைவிருக்கும். ஆர்டர் நிறைய இருந்தும் சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் காசு இல்லாமல் கம்பெனிகள் மூடியதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. லாபக் கணக்கு வேறு, கையிருப்புக் கணக்கு வேறு. உங்கள் பணத்தைப் பெரிய கம்பெனிகள் நிறுத்தி வைத்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். இப்போது வருமான வரிச் சட்டமும் தாமதமாகக் கொடுப்பவருக்கு அந்த ஆண்டு செலவுக் கழிவு இல்லை என்கிறது. உத்யம் பதிவு செய்யாதவர்கள் உடனே செய்துகொள்ளுங்கள்.

*ஆர்டருக்கு முன்னால் வந்த கடன்*

1999-இல் மத்திய அரசு ஜவுளித் தொழிலுக்கு நவீன மிஷின் வாங்க வட்டி மானியத் திட்டம் கொண்டுவந்தது. 2005 ஜனவரி 1 முதல் உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை ஒழிந்தது. இனி நமக்கு எல்லையே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. புதிய கட்டடம், புதிய மிஷின், ஐந்து வருடம் ஏழு வருடம் தவணை. நல்ல ஆர்டர் கையில் இருந்தவர்களுக்கு அது ஏணி. வரப்போகும் ஆர்டரை நம்பி வாங்கியவர்களுக்குத் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

2007-இல் ரூபாய் மதிப்பு ஏறியது. ஆண்டின் தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர், கடைசியில் 39-க்குப் பக்கத்தில் வந்தது. டாலரில் விலை பேசியவருக்கு ஒவ்வொரு டாலரிலும் நான்கைந்து ரூபாய் காணோம். அந்த நேரத்தில்தான் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் வந்தன. கையிலிருந்து காசு தரவேண்டாம், நஷ்டத்தை ஈடுகட்டலாம் என்று சொல்லப்பட்டது. ஏற்றுமதி டாலரில் நடக்க, ஒப்பந்தமோ ஸ்விஸ் ஃபிராங்க், ஜப்பான் யென் மதிப்பில். கையெழுத்துப் போட்ட பலருக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. 2008-இல் அந்த நாணயங்கள் எதிர்ப்பக்கம் போனபோது, வருடக் கணக்கில் சேர்த்த லாபம் ஒரே ஒப்பந்தத்தில் போனது. வழக்குகள் நடந்தன. 2011-இல் ரிசர்வ் வங்கி, டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. அந்த அபராதம் இழந்தவர் கைக்கு வரவில்லை. இழந்தவருக்கு இழந்தது இழந்ததுதான்.

இந்த இடத்தில் உங்களில் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்துத் தொழிலைப் பெரிதாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கையில் ஆர்டர் இருந்து, அந்த ஆர்டரின் பணத்திலேயே கடன் அடையும் என்றால், அந்த ஆர்டரைக் காட்டியே கடன் கேளுங்கள். அடமானம் இல்லாமல் கொடுக்கவே சிறுதொழில் கடன் உத்தரவாதத் திட்டம் பல வருடமாக இருக்கிறது; 2025 ஏப்ரல் முதல் அதன் வரம்பு பத்துக் கோடி ரூபாய். ஆர்டரைக் காட்டியும் யாரும் தரமாட்டேன் என்றால், அந்த ஆர்டரில் என்ன குறை என்று முதலில் பாருங்கள். விளம்பரத்துக்கும் ஆள் சேர்க்கவும் என்றால் வீட்டைத் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் நிலம் விற்றுத் தொழிலில் போட்டவர்கள், பத்து வருடம் மிஷினில் உட்கார்ந்து தொழில் தெரிந்த பிறகு, அதில் ஒரு பகுதியை விற்றார்கள். அப்பா அம்மா தலைக்குமேல் இருக்கும் கூரையைப் பரிசோதனைக்குப் போடவில்லை.

வெளியூர் உதாரணம் வேண்டுமென்றால் இரண்டு. கல்வி நிறுவனமான பைஜூஸ் 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளது என்றார்கள். இரண்டே ஆண்டில், 2024-இல், திவால் நடவடிக்கைக்குள் வந்துவிட்டது. 1996-இல் தொடங்கிய நம் ஜோஹோ, வெளி முதலீட்டாளரிடம் போகாமல் விற்ற பணத்திலேயே வளர்ந்து தென்காசிவரை வேலை கொடுக்கிறது. முதலீடு வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. வாங்கி வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அடுத்தவர் பணம் உங்கள் வேகத்தையும் தீர்மானிக்கும் என்பதைத் தெரிந்து வாங்குங்கள்.

*நொய்யல் கொடுத்த கடன்*

இதுவரை சொன்னதெல்லாம் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் கடன். இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று தோன்றியதே, புத்தகத்தில் எழுதாத கடனைச் சொல்லத்தான்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு நிறையப் போட வேண்டும். சாயம் துணியில் நிற்கும், உப்பு தண்ணீரோடு போகும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யச் செலவாகும். அந்தச் செலவைச் செய்யாமல் பல ஆண்டுகள் அப்படியே ஓடைகளில் விட்டோம். அது நொய்யலுக்குப் போனது. 1992-இல் விவசாயத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தொட்டியாக மாறிப்போனது. அந்தப் பக்கத்துக் கிணறுகள் உப்பாகின. தென்னையும் மஞ்சளும் போயின. துணியின் விலையில் சேர்த்திருக்க வேண்டிய பணத்தைக் கீழ்மடை விவசாயி கட்டினார். யோசித்துப் பாருங்கள், திருப்பூரின் மிகப் பெரிய இன்வெஸ்டர் நொய்யல் ஆறுதான். பங்கும் கேட்கவில்லை, வட்டியும் கேட்கவில்லை.

ஆறு கேட்கவில்லை, விவசாயிகள் கேட்டார்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றம் போனது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்றது. 2011 ஜனவரி 28 அன்று, கழிவை முற்றிலும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணியைச் சாயம் ஏற்ற வெளி மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். வேலை இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் சொந்த ஊருக்குப் போயின. பள்ளியில் டி.சி. கேட்டு வந்தவர்களின் வரிசையை நான் மறக்கவில்லை. கடனை வாங்கியவர் பட்டறைக்காரர், லாபம் பார்த்தவர் ஏற்றுமதியாளர், மலிவாக உடுத்தியவர் ஐரோப்பியர். வட்டி கட்டியது ஆறாம் வகுப்புப் பிள்ளை.

இன்னொரு கடனும் உண்டு, அதை நான் வருகைப் பதிவேட்டில் பார்த்தேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பில் பெயர் அடித்து எழுதப்பட்ட பிள்ளைகள். கை மடிக்கவும் பிசிர் வெட்டவும் போனவர்கள். கணக்கில் நல்ல கெட்டிக்காரர்களும் அதில் உண்டு. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் நான்கு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுவும் கொடுக்காமல் நிறுத்திவைத்த ஒரு பாக்கியைக் கேட்டதுதான். பின்னாளில் குழந்தைகள் வேலை செய்யவில்லை என்று சான்று காட்டினால்தான் ஆர்டர் என்று மேல்நாட்டுக் கம்பெனிகள் சொன்ன பிறகே பல கம்பெனிகளில் அந்தப் பழக்கம் நின்றது.

நம் ஊரின் பெருமையையும் சொல்ல வேண்டும். அந்த அடிக்குப் பிறகு பட்டறைகள் எழுந்தன. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவு நீரை வடிகட்டி, உப்பைத் தனியே பிரித்து, தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். செலவு அதிகம்தான். ஆனால் இன்று வெளிநாட்டு வாங்குபவரிடம் நாம் முதலில் எடுத்துச் சொல்லும் பெருமையே அதுதான். முதலிலேயே செய்திருந்தால் ஆறும் மிஞ்சியிருக்கும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, நம் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். ஐரோப்பாவுக்கும் உள்நாட்டுக்கும் சேர்த்து விற்றவர்கள் கொஞ்சம் தாங்கினார்கள். ஒரே வாங்குபவர் என்பதும் எழுதாத கடன்தான்.

*நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்*

டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? ஒரு நோட்டு எடுத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

1. வாங்கப்போகும் பணம் ஆர்டருக்குப் பின்னால் வருகிறதா, முன்னால் வருகிறதா? எந்த வரவிலிருந்து, எந்த மாதம் அது அடையும்?

2. இன்று முதல் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றால் எத்தனை சனிக்கிழமை சம்பளம் கொடுக்க முடியும்?

3. சொந்தமாக வாங்க நினைப்பதை ஜாப் ஒர்க்கிலோ வாடகையிலோ முடிக்க முடியாதா?

4. கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தை உங்கள் அம்மாவுக்குப் புரியும்படி தமிழில் விளக்க முடியுமா? முடியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. வியாபாரத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வருகிறதா?

6. உங்கள் விலை குறைவாக இருப்பதற்காக வேறு யாராவது செலவு செய்கிறார்களா? பேசிய நேரத்துக்கு மேல் உழைக்கும் பையனா, தாமதமாகப் பணம் வாங்கும் சின்னப் பட்டறைக்காரரா, வேஸ்ட் கொட்டப்படும் பள்ளமா?

ஆறாவது கேள்விக்குப் பதில் எழுதுவது கஷ்டம். எந்த ஆடிட்டரும் அதைக் கேட்கமாட்டார். அந்தப் பக்கத்தில் வரும் பெயர்களைச் செலவுக் கணக்கில் சேர்த்து, அதன் பிறகும் லாபம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தைரியமாக வளருங்கள். வராவிட்டால் விலையை மாற்றுங்கள், அல்லது தொழில் முறையை மாற்றுங்கள்.

பனியன் தொழிலில் பல வருடம் இருக்கும் பெரியவர்கள், சொந்தங்கள், நான் சொன்னதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். இளையவர்களுக்கு உங்கள் அனுபவம் என் பாடத்தைவிட உதவும். தொழில் தொடங்கியிருக்கும் என் பிள்ளைகள் எல்லோரும் நன்றாக வர வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்